பாறைப் பூவுக்கு ஈ அழைத்தவன்

பெங்களூரில் பெரிய அபார்ட்மெண்ட் வாசலில் பச்சைப்பசேலென்று புல்தரையைப் பார்த்தால், ஒரு நிமிடம் நின்று என்னை நினைத்துக்கொள்ளலாம். பாதிக்குப் பாதி நான் போட்டதாகத்தான் இருக்கும். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான். ஸ்ரீராம்புரத்தில், கையை நீட்டினால் எதிர்வீட்டுச் சுவர் தட்டுப்படுகிற சந்தில் பிறந்தேன். அங்கே செடி என்று நான் கண்டது, எண்ணெய் டின்னில் வைத்த ஒரு துளசி. பதினான்கு வயதில் தள்ளுவண்டியில் ஆட்டெரு ஏற்றிக்கொண்டு, கண்டோன்மெண்ட் பங்களாக்களின் வாசலில் கூவி விற்றேன். அந்த எருதான் என்னை ஆளாக்கியது. இன்று முப்பது பேருக்கு வேலை கொடுக்கிறேன். இரண்டு டெம்போ ஓடுகிறது. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பதைக்கூட டீக்கடைப் பேப்பரில்தான் கற்றுக்கொண்டேன். இப்போது எழுதவே உட்கார்ந்துவிட்டேன், பாருங்கள்.

இதையெல்லாம் சொன்னால் தற்பெருமை என்பாள் என் மனைவி. நடந்ததைச் சொல்வது எப்படிப் பெருமையாகும்? நான் கை வைத்த செடி காய்ந்ததில்லை. முப்பது வயது வேப்பமரத்தை வேரோடு பெயர்த்து லாரியில் ஏற்றி வேறு இடத்தில் நட்டுத் துளிர்க்க வைத்தவன் நான். அப்படிப்பட்ட என் கையிலும் ஒரு செடி செத்தது. அந்தச் செடியைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சந்தாபுரா தாண்டி ஒரு குடியிருப்பு. நடுவில் யானை படுத்திருப்பதுபோல ஒரு பாறை. வெடி வைத்தால் பக்கத்துக் கட்டடங்களுக்கு ஆபத்து என்று கட்டினவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். அதன்மேல் ஒரு அடிக்குச் செம்மண் கொட்டி, கார்பெட் புல் பரப்பி, பெஞ்சு போட வேண்டும் என்று அங்கிருந்த சங்கத்தில் முடிவெடுத்து எனக்கு வேலை கொடுத்தார்கள். சங்கத்துக்குச் செயலாளர் ஒரு கன்னடக்காரர், பேங்க்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், கொஞ்சம் கறார். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார்.

முதல் நாள் சுண்ணாம்புப் பொடியில் நான் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டுச் செருப்போடு ஓர் அம்மாள் ஓடி வந்து கோட்டின்மேலேயே நின்றுகொண்டார். ஐம்பது வயது இருக்கும். கல்லூரியில் தாவரப் பாடம் நடத்துகிறவர், சேலத்துப் பக்கம், அதே குடியிருப்பில் இரண்டாவது மாடி. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

"மேஸ்திரி, நிறுத்துங்க. இந்தப் பக்கம் மண் போடக்கூடாது."

முப்பது பேருக்கு முதலாளியை மேஸ்திரி என்றதில் எனக்குச் சுருக்கென்றது. "ஏன் டீச்சரம்மா, புதையல் இருக்குதா?"

"ஆமா. இதோ."

குனிந்து காட்டினார். பாறை வெடிப்பில் கொஞ்சம் மண், அதில் விரல் உயரத்துக்கு ஒரு பூண்டு. நான்கைந்து இலை. அதற்கு நடுவில் சட்டைப் பித்தான் அளவு ஒரு பூ. ஐந்து இதழ், ஆட்டு ஈரலின் நிறம். மோந்து பார்த்தேன். அலமாரிக்குப் பின்னால் எலி செத்துக் கிடந்தால் மூன்றாம் நாள் ஒரு வாடை வருமே, அதில் கால்வாசி.

"இதுக்கா டீச்சரம்மா புல்லை நிறுத்தச் சொல்றீங்க? இந்த மாதிரிக் களையை நான் டெம்போ டெம்போவா வாரிக் கொட்டியிருக்கேன்."

"இதை நீங்க வாரியிருக்கவே முடியாது. ஆனேக்கல் பக்கத்துல நாலஞ்சு பாறைல மட்டும்தான் இது இருந்துச்சு. அதுலயும் ரெண்டு பாறையை ஜல்லியா உடைச்சுட்டாங்க. வேற எந்த ஊர்லயும், எந்த நாட்டுலயும் கிடையாது. இங்க மொத்தம் பதினேழு செடி. எண்ணி வெச்சிருக்கேன்."

அதற்குப் புத்தகத்தில் ஒரு பெயர் இருந்தது. டீச்சரம்மா இரண்டு தடவை சொன்னார். என் வாயில் நுழையவில்லை. கன்னடத்திலோ தமிழிலோ அதற்கு யாரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. நான் பாறைப் பூ என்றே சொல்லி வருகிறேன்.

செயலாளர் வந்தார். பேச்சு வளர்ந்தது. வாக்குவாதத்தில் டீச்சரம்மா வாய் தவறி ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார். ஆறு வருடமாகக் கோடை மழைக்குப் பிறகு பூக்கிறதே தவிர ஒரு காய்கூடப் பிடித்ததில்லை. இருக்கிறவை எல்லாம் பழைய கிழங்குகள். அவை ஒவ்வொன்றாகப் போனால் அதோடு சரி.

செயலாளர் அதைப் பிடித்துக்கொண்டார். "காய்க்காத கிடத்துக்காக முந்நூறு குடும்பம் புல் இல்லாம இருக்கணுமா மேடம்? ஒண்ணு சொல்றேன். இன்னும் ரெண்டு கோடை மழை வரைக்கும் டைம். அதுக்குள்ள விதை வந்து புதுசா மொளச்சா, பாறை பாறையாவே இருக்கட்டும். இல்லேன்னா யஜமானரு புல் போடுவாரு. சரியா?"

செடியைக் கன்னடத்தில் கிட என்பார்கள். டீச்சரம்மா தலையாட்டினார். முகம் வாடிப்போயிருந்தது. எனக்கென்னவோ அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"காய்க்கலைன்னு கவலைப்படாதீங்க. அது சோறு இல்லாத செடி. நாற்பத்தஞ்சு வருஷமா இதே தொழில். நான் காய்க்க வைக்கிறேன்."

அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். பாறையில் வாழ்கிறது பட்டினிக்குப் பழகினது, அதை அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். நான் கேட்டால்தானே? மற்றத் தோட்ட வேலைக்காக வாரம் இரண்டு நாள் அங்கே போய்வந்தேன். ஓரத்தில் இருந்த ஒரு செடிக்கு, அவருக்குத் தெரியாமல், நன்றாக மக்கிய ஆட்டெரு இரண்டு கைப்பிடி வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரத்தில் இலை தளதளவென்று வந்தது. டீச்சரம்மாவைக் கூப்பிட்டுக் காட்ட நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் இலை மஞ்சளானது. அதற்கடுத்த வாரம் தொட்டதும் தண்டு கையோடு வந்துவிட்டது. விரலால் தோண்டினேன். கிழங்கு சின்ன வெங்காயம் அழுகினமாதிரி கொழகொழவென்று இருந்தது.

என்ன செய்வது? பக்கத்தில் அதே மாதிரி இலையுள்ள ஒரு களையைப் பிடுங்கி அந்த இடத்தில் ஊன்றி வைக்கலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். தொழிலில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. நான் செய்ததில்லை. கைக்குட்டையில் கிழங்கை மடித்து எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடி ஏறினேன்.

டீச்சரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு பேசிவிட்டு வந்திருப்பேன். அவர் பேப்பரை விரித்து, கிழங்கை வைத்து, அழுகாத ஒரு ஓரத்தைப் பிளேடால் மெதுவாகக் கீறிப் பார்த்தார்.

"எத்தனை வயசு இருக்கும் டீச்சரம்மா?"

"சொல்ல முடியாது மேஸ்திரி. இந்தக் குடியிருப்புக்கு முன்னாடியே இருந்தது." பிறகு ஒரு நோட்டை எடுத்துப் பதினேழை அடித்துப் பதினாறு என்று எழுதினார். அவ்வளவுதான். காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டார். குடித்துவிட்டுப் படியிறங்கினேன்.

அன்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் அல்சூரில் கோவில் வாசலில் இருபத்தைந்து வருடம் பூக்கட்டி விற்றவள். என்னை எடைபோடுவதில் கெட்டிக்காரி.

"ஊருல இருக்கிற செடிக்கெல்லாம் நாந்தான் அப்பன்னு சொல்லிகினு திரிஞ்சியே. இப்ப இன்னா ஆச்சி?"

"ஒண்ணு போச்சு. அதுக்குப் பதிலா பத்து குடுப்பேன்."

"எருவ எடுத்துகினு போவாத. அப்பால பதினாறும் பூடும்."

அந்த வருடம் பூ முடிந்தது. காய் இல்லை. பனிக்காலத்தில் செடியே தரைக்கு மேல் இல்லை. கிழங்கு மட்டும் உள்ளே தூங்கியது. நான் தூங்கினேனா என்று கேட்காதீர்கள்.

மறு வருடம் கோடையில் இரண்டு மழை பெய்ததும் பாறைக்குப் போனேன். பதினாறும் தலை நீட்டியிருந்தன. பத்து நாளில் பூ. அன்று மத்தியானம் பாறைமேலேயே சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி டிபன் அடுக்கில் கருவாட்டுக் குழம்பு கட்டியிருந்தாள். அடுக்கைத் திறந்தேன். செல்போனில் ஒருவன் கூப்பிட்டான். டெம்போ டயர் பஞ்சர், ஸ்டெப்னி இல்லை என்று புலம்பினான். அவனோடு கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். குழம்பு அப்படியே இருந்தது.

அப்படியே என்றால், மேலே ஒரு ஈகூட இல்லை.

ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவனுக்குத்தான் அதன் அர்த்தம் தெரியும். எங்கள் சந்தில் கருவாட்டுச் சட்டியின் மூடியைத் திறந்தால், மூக்கில் வாசம் ஏறுவதற்குள் ஈ வந்து உட்கார்ந்துவிடும். ஒரு கையால் சாப்பிட்டு ஒரு கையால் விசிறித்தான் நாங்கள் வளர்ந்தோம். இங்கே கால்மணி நேரம் திறந்து கிடந்தும் ஒன்று எட்டிப் பார்க்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். குப்பைத்தொட்டிக்கு மூடி. வாரம் இரண்டு நாள் சாயங்காலம் மெஷின் வைத்துக் கொசுப் புகை. புழு பூச்சி ஒன்றுமில்லாத சுத்தம். அப்புறம் குனிந்து அந்த ஈரல் நிறப் பூவை மோந்து பார்த்தேன். செத்த எலி வாடை. அது யாரைக் கூப்பிடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

சாப்பாட்டை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

"டீச்சரம்மா, உங்க செடி கூப்பிடுது, வர்றதுக்குத்தான் ஆள் இல்ல. உங்க காம்பவுண்டுல ஈயே கிடையாது."

"ஈதான் இதுக்கு மகரந்தம் கொண்டுபோகும்னு எனக்குத் தெரியும் மேஸ்திரி. வகுப்புல நானே நடத்தியிருக்கேன். ஈ இருக்கும்னு நெனச்சுட்டேன். ஈ இல்லாத இடம் இருக்கும்னு தோணல."

படித்தவர் வாயால் அதைக் கேட்டதில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தமிழ் போதவில்லை.

பூக்கிற ஆறு வாரமும் பாறைப் பக்கம் மட்டும் புகை போடாமல் நிறுத்தி வைக்கச் செயலாளரிடம் டீச்சரம்மா கெஞ்சி அனுமதி வாங்கினார். ஆனால் புகை நின்றால் மட்டும் ஈ வந்துவிடுமா? வெளியே ரோட்டோரம் கறிக்கடை இருக்கிறது, அங்கே ஈ இருக்கிறது. காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி அதற்கு வழி காட்ட வேண்டும். மறுநாள் ரசல் மார்க்கெட்டுக்குப் போய் நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும் வாங்கி, அரை நாள் தண்ணீரில் ஊறவைத்து, சாக்குத் துணியில் முடிந்து செடிகளுக்கு நடுவே வைத்தேன்.

டீச்சரம்மா சைவம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். "மேஸ்திரி, இதைத் தினமும் மாத்தணுமா?"

"மூணு நாளைக்கு ஒருதரம் போதும். பழகிடும். என் பேத்திக்கு ரொம்பப் பிடிக்கும்."

"பேத்தி சாப்பிடுவா. நான் காவல் காக்கணும்."

இரண்டாம் நாளே வினை வந்தது. என் புத்தியில் உறைக்காமல் போனது அது ஒன்றுதான். குடியிருப்பில் இருந்த பூனைகள் ஏழும் பாறையில் கூடிவிட்டன. மூட்டையைக் கிழித்து இழுத்ததில் இரண்டு செடியில் பூ நசுங்கியது. கிழங்குக்குச் சேதமில்லை. டீச்சரம்மா குடையோடு நின்று பூனைகளை விரட்டிக்கொண்டிருந்த காட்சியை நான் மறக்க மாட்டேன். வண்டியில் இருந்த தொங்குதொட்டிக் கம்பிக்கூடைகள் இரண்டை எடுத்து, வாயோடு வாய் வைத்துக் கம்பியால் கட்டி, உள்ளே கருவாட்டை வைத்து, மூன்று மூங்கிலில் தொங்கவிட்டேன். பூனைகள் கீழே உட்கார்ந்து மேலே பார்த்து அழுதன. ஈக்கு மட்டும் வழி இருந்தது.

நான்காம் நாள் செயலாளர் வாக்கிங் ஷூவோடு வந்தார். மூங்கிலைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். கர்சீப்பை எடுத்தார்.

"யஜமான்ரே, இதேனு வாசனெ? ஏழாவது மாடியில இருந்து போன் பண்றாங்க. ஏதோ செத்துப் போச்சு, தேடுங்கன்னு."

"ஒண்ணும் சாகலை சார். பொழைக்கறதுக்குத்தான் இது."

"என்னன்னு சொல்றது அவங்ககிட்ட?"

"கல்யாண வீட்டுல விருந்து நடக்குதுன்னு சொல்லுங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துகினு இருக்காங்க."

அவர் சிரிக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கர்சீப்புக்குள் தோள் குலுங்கியது. "ஆறு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது," என்று சொல்லிவிட்டு நடந்தார். அதற்கப்புறம் அவர் வாக்கிங் பாறையைச் சுற்றியே போனது. ஒரு நாள் அவரும் குனிந்து பூவை எட்டிப் பார்த்ததை நான் டெம்போவுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

பெரிய ஈக்கள் கூடைக்கு வந்தன. அவற்றோடு கடுகில் பாதிகூட இல்லாத குட்டி ஈக்களும் வந்தன. டீச்சரம்மா பாறையில் கவிழ்ந்து படுத்து, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிச் சொன்னார். "மேஸ்திரி. உள்ள போயிடுச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "வெளிய வந்துடுச்சு. பக்கத்துப் பூவுக்குப் போகுது." கல்லூரி டீச்சர் சின்னப் பிள்ளைமாதிரி காலை ஆட்டினதையும் எழுதிவிடுகிறேன். அவர் இதை வாசித்தால் கோபித்துக்கொள்வார்.

மூன்று வாரத்தில் காய் வந்தது. ஆட்டுக்குட்டிக்குக் கொம்பு முளைத்தமாதிரி, ஊசிபோல இரண்டிரண்டாய். ஒன்பது செடியில். எண்ணினது நான். மறுபடி எண்ணிச் சரிபார்த்தது டீச்சரம்மா.

அடுத்த கவலை வந்தது. எருக்கங்காய் போல அது முற்றினதும் வெடித்துப் பஞ்சோடு விதை பறந்துவிடும். பறந்தால் தார் ரோட்டில்தான் விழும். காய்க்கு வலைப்பை கட்ட வேண்டும். டீச்சரம்மா ஒன்று கட்டிப் பார்த்தார். காம்பு ஒடிந்துவிடுமோ என்று விட்டுவிட்டார். என் விரல் கடப்பாரை பிடித்த விரல், அது ஆகாது. வீட்டுக்குப் போய் மனைவியை அழைத்து வந்தேன்.

பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பழைய கொசுவலையைச் சுண்டுவிரல் அளவு பைகளாக வீட்டிலேயே தைத்து எடுத்து வந்திருந்தாள். பூக்கட்டுகிற நூலை எடுத்து, காம்பைத் தொடாமல், இரண்டு விரலில் ஒரு சுழற்று, ஒரு முடிச்சு. அடுத்த காய். நிமிடத்துக்கு ஒன்று.

"எவ்ளோ லேசா கட்றீங்க!" என்றார் டீச்சரம்மா.

"கனகாம்பரம் கட்டின கை டீச்சர். அது இத விட நோஞ்சான்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அத்தினி வருஷம் வாசனைப் பூவக் கட்டினேன். கடைசில நாத்தம் புடிச்ச பூவக் கட்ட வெச்சிட்டியே. ஒனக்கு வாக்கப்பட்டதுக்கு இதுவும் வேணும்."

அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த களை, நான் அல்சூர்க் கோவில் வாசலில், அவளை முதலில் பார்த்தபோது பார்த்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதியிருக்கிறேன், யாராவது வாசித்துச் சொல்லட்டும்.

பைகளுக்குள் காய் வெடித்தது. உள்ளே பட்டுபோலப் பஞ்சு, நுனியில் பழுப்பு விதை. கொஞ்சத்தை டீச்சரம்மா தன் கல்லூரிக்கு எடுத்து வைத்தார். மீதியைப் பாறை வெடிப்புகளில், தூறல் விழுந்த ஒரு காலையில், நாங்கள் மூவரும் பல் குத்தும் குச்சியால் பதித்தோம். ஆரம்பிக்கும் முன் டீச்சரம்மா என்னை நிறுத்தினார்.

"கையைக் காட்டுங்க மேஸ்திரி."

இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினேன்.

"ஜோபு?"

ஜோபையும் வெளியே இழுத்துக் காட்டினேன். எரு இல்லை. மனைவி சிரித்த சிரிப்பில் பூனைகள் ஓடின.

இந்த வருடம் கோடை மழை கொஞ்சம் பிந்தி வந்தது. மழை பெய்து பத்தாம் நாள் செயலாளரே எனக்குப் போன் செய்தார். "யஜமான்ரே, வாங்க. நான் எண்ணிட்டேன். ஆனா நீங்களும் எண்ணணும்." போனேன். டீச்சரம்மாவும் நோட்டோடு நின்றிருந்தார். பழைய பதினாறும் இருந்தன. வெடிப்பு நெடுக, கொத்தமல்லி முளைபோல, இரண்டு இலையோடு புதுசுகள். நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாக எண்ணினோம். எனக்கு முப்பத்தொன்று. செயலாளருக்கு இருபத்தொன்பது. டீச்சரம்மா சொன்னதுதான் கணக்கு: முப்பது.

ஒன்றுக்குப் பத்து தருவதாகச் சொன்னவன் முப்பது தந்தேன். இதையும் தற்பெருமை என்றால் நான் என்ன செய்ய?

"புல் வேண்டாம்," என்றார் செயலாளர். "பாறையைச் சுத்தி ஒரு கயிறு மட்டும் கட்டுங்க. வருஷா வருஷம் அந்த ஆறு வாரம் புகையும் வேண்டாம். ஏழாவது மாடிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

புல் போடுவதற்காக நாற்பத்தைந்து வருடம் வாழ்ந்த நான், ஓர் இடத்தில் புல் போடாமல் விட்டதை இவ்வளவு நீளத்துக்கு எழுதுவேன் என்று நினைத்ததில்லை. டீச்சரம்மா நோட்டில் பதினாறுக்குக் கீழே முப்பதை எழுதிக் கூட்டினார். மேலே அடித்திருந்த பதினேழைப் பார்த்தேன். அது அடித்தபடியே இருந்தது. இருக்கட்டும். அந்தக் கிழங்கு இந்தக் குடியிருப்புக்கு முன்னாலேயே இருந்தது. அதை நான் திருப்பித் தர முடியாது.

வேலையாட்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பாறை ஓரத்தில் உட்கார்ந்து அடுக்கைத் திறந்தேன். கருவாட்டுக் குழம்புதான். முதல் கவளம் பிசைவதற்குள் ஒரு ஈ வந்து விளிம்பில் உட்கார்ந்து காலைத் தேய்த்தது. கை தானாக விசிறப் போனது. நிறுத்திக்கொண்டேன். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் செடிப் பக்கம் போனது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"ஈ உக்காந்த சோத்தையா துன்னே?"

"தின்னேன். நல்லா இருந்துச்சு."

"கொயம்பு நல்லா இருந்துச்சின்னு சொல்ல ஒனக்கு நாப்பது வருஷம் ஆச்சி. அதுக்கு ஒரு ஈ வேண்டியிருந்துச்சி," என்று சொல்லிவிட்டு அடுக்கைக் கழுவ எடுத்துப் போனாள்.